புதுப்பிப்பு: ஏஐ செய்த வலை ஸ்லைடுகள் மண்டபத்தில் ஓடின

போன மாதம் கேட்டிருந்தேன்: ஜார்ஜ் டவுன் மரபைப் பற்றி இங்கே பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட, உலாவியில் ஓடும் ஸ்லைடுகளை ஏஐயை வைத்துச் செய்ய முடியுமா என்று. முடிந்தது. வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ரிவீல்.ஜேஎஸ் (உலாவியில் ஸ்லைடு காட்டும் இலவச நிரல்தொகுப்பு) முறையில், எல்லாம் ஒரே எச்டிஎம்எல் (வலைப்பக்க) கோப்பில் வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டேன். அமைப்பு சட்டென்று வந்துவிட்டது. நேரம் பிடித்தது தமிழ் எழுத்துதான். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு ஏற்றபடி நெருக்கமாக இருந்தது. தலைப்பு இரண்டு வரியானால் மேல் வரி ‘கூ’வின் சுழி கீழ் வரி ‘தீ’யில் முட்டியது. லைன்-ஹைட் என்ற அந்த இடைவெளி அளவை 1.6 ஆக்கியதும் சரி. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதியச் சொல்லுங்கள். மண்டபத்தில் வைஃபை இல்லை, ஆனாலும் ஓர் எழுத்துகூட உடையவில்லை.

தகவலை மட்டும் ஏஐயிடம் விடாதீர்கள். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் கட்டப்பட்டது 1833, ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது 2008. இவற்றை நானே எழுதிக் கொடுத்தேன். கொடுக்காத இடத்தில் அது தானாக ஒரு வருடத்தைப் போட்டு நிரப்பியது, அதுவும் அழகான பெட்டிக்குள். பிள்ளைகள் மனத்தில் பதியும் விஷயம், இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அப்புறம், பேசுபவர் மட்டும் பார்க்கும் குறிப்புகளைப் பற்றிக் கேட்டவருக்கு: பேச்சாளர் குறிப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். எஸ் விசையை அழுத்தினால் தனிச் சாளரத்தில் அடுத்த ஸ்லைடோடு வரும். ப்ரொஜெக்டரை டூப்ளிகேட்டில் (கணினித் திரையின் நகலாக) வைக்காமல் எக்ஸ்டெண்டில் (தனி இரண்டாம் திரையாக) வையுங்கள், இல்லாவிட்டால் குறிப்பும் திரையில் தெரியும்.