அரிசி டின்னுக்குள் போட்டு வைத்த மாத்திரை

2016-ல என் மூத்தவ வயித்துல இருந்தப்ப நடந்தது. தருமபுரி பக்கம், மலையடிவார ஊர். நாலாம் மாசம் நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு நாள் தின்னேன். ஒரே குமட்டல், வெளிக்கு கருப்பா போச்சு. அத்தை பயந்துட்டாங்க. "இதத் தின்னா புள்ள கருப்பாப் பொறக்கும், தலை பெருத்து ஆபரேஷன்ல கொண்டு விடும்"னாங்க. மாத்திரையெல்லாம் அரிசி டின்னுக்குள்ள போச்சு. நர்ஸம்மா கேக்குறப்பல்லாம் "சாப்பிடறேன்க்கா"ன்னு சொன்னேன்.

ஏழாம் மாசம் ஆஸ்பத்திரியில ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பிணிக்கு 11-ஆவது இருக்கணுமாம். நர்ஸம்மா என்னைத் திட்டல. மறுநாள் வீட்டுக்கு வந்து அத்தை பக்கத்துல உக்காந்தாங்க.

"உங்க தங்கச்சி பிரசவத்துலதானே போனாங்க?"

"ஆமா. ரத்தம் நிக்கல."

"யாருக்கு ரத்தம் நிக்காதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாதும்மா. உடம்புல ரத்தம் இருக்கறவ தாங்குவா. உங்க மருமக தாங்க மாட்டா."

அத்தை ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போய் டின்னைக் கொண்டாந்து முறத்துல கவுத்தாங்க.

அதுக்கப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல பாட்டில்ல இரும்புச்சத்து மருந்து ஏத்தினாங்க, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு தடவையும் அத்தைதான் கூட வந்தாங்க. பிரசவத்தப்ப 10.1. புள்ள பொறந்ததும் எனக்கும் ரத்தம் நிக்கல. ஊசி போட்டு, அடிவயித்தப் பிசைஞ்சு நிறுத்தினாங்க. அத்தை வெளியில நின்னு அழுதது உள்ள வரைக்கும் கேட்டுச்சு.

ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்:

கண்ணு, வெளிக்கு கருப்பா போறது இரும்புச்சத்தாலதான், பயப்பட ஒண்ணுமில்ல. குமட்டினா ராத்திரி சாப்பிட்டு படுக்கப் போறப்ப போட்டுக்கலாம். டீயோட மட்டும் வேண்டாம், சத்து உடம்புல சேராது. எலுமிச்சைச் சாறு நல்லது.

2004-ல ஒருத்திய நான் பறிகொடுத்தேன். ஆறாம் மாசத்துலயே கண்ணு வெளுத்திருந்தது. மாத்திரை சாப்பிட்டியான்னு கேட்டேன், ஆமான்னா. நம்பிட்டேன். வீட்டுலயே பிரசவம். 108 எல்லாம் 2008-லதான் வந்தது. டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போறோம், என் மடியில அவ கை சில்லிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் நான் யாரையும் சாப்பிட்டியான்னு கேக்கல. காலி அட்டையக் காட்டச் சொல்லுவேன்.

பிரசவம் ஆனப்புறமும் 180 நாளைக்கு அந்த மாத்திரை உண்டு. நீ சாப்பிட்டியா?

முதலில் எழுதியவர்:

இல்லக்கா. புள்ள பொறந்துருச்சேன்னு விட்டுட்டேன். தங்கச்சிக்கு இது எட்டாம் மாசம். அவகிட்ட இப்பவே சொல்றேன்.