சிங்கப்பூரில் பாட்டு வீடியோ வேலைக்குள் நுழைவது எப்படி? பாஸ், நாகரா, லொகேஷன், காசு

கேள்வி: ஐடி வேலைக்காக சிங்கப்பூர் வந்து சில மாதம் ஆகிறது. ஊரில் எடிட்டிங் செய்த பழக்கம் உண்டு, கேமராவும் ஓரளவு தெரியும். இங்கே தமிழ்ப் பாட்டு வீடியோ எடுக்கிற யூனிட்டுகளில் சேர எங்கிருந்து ஆரம்பிப்பது? என்ன கேமரா வாங்கலாம்?

பதில் 1:

தம்பி, முதலில் உங்கள் கையில் என்ன பாஸ் இருக்கிறது என்று பாருங்கள். இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்), எஸ் பாஸ், வொர்க் பர்மிட் என்ற வேலை அனுமதிகளில் எதுவானாலும் அது அந்த ஒரு முதலாளியிடம் வேலை செய்வதற்கு மட்டும்தான். சனி ஞாயிறில் ஷூட்டுக்குப் போய்க் காசு வாங்கினால் அது அனுமதியில்லாத வேலை. 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ‘காசு வாங்கவில்லை, சும்மா உதவிக்குத்தான் போனேன்’ என்ற பதிலை நம்பி இறங்காதீர்கள். இன்னொருவரின் தொழிலுக்காகச் செய்தால் சம்பளம் இல்லாவிட்டாலும் அதை வேலையாகவே பார்க்க இடமுண்டு. சந்தேகம் இருந்தால் மனிதவள அமைச்சுக்கு எழுதிக் கேளுங்கள். டிபியில் (சார்ந்தோர் பாஸில்) வந்திருக்கும் துணைவருக்கும் 2021 மே 1 முதல் வேலை பார்க்கத் தனி வேலை பாஸ் வேண்டும். தடையில்லாமல் ஃப்ரீலான்ஸ் செய்யக்கூடியவர்கள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான்.

ஆகவே உங்களுக்கு உள்ள நேர்வழி, ஒரு புரொடக்‌ஷன் கம்பெனி உங்கள் பெயரில் பாஸ் எடுப்பது. 2025 ஜனவரியில் புதிய இபிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி ஆனது, வயதுக்கு ஏற்ப அது இன்னும் கூடும். தொடக்கநிலை எடிட்டருக்கு அவ்வளவு கொடுக்கிற கம்பெனி லேசில் கிடைக்காது. அதனால் இருக்கிற வேலையை விடாமல், சொந்தப் பொழுதுபோக்காக இரண்டு மூன்று வீடியோ எடுத்து ஷோரீல் (வேலையைக் காட்டும் மாதிரித் தொகுப்பு) சேர்த்துக்கொண்டு அப்புறம் கதவைத் தட்டுங்கள்.

எந்த வேலையைக் கற்றுக்கொண்டு போவது? வருகிறவர்கள் எல்லாரும் டைரக்டர் அல்லது டிஓபி (ஒளிப்பதிவாளர்) ஆகத்தான் வருகிறார்கள். சின்ன யூனிட்டில் ஆள் இல்லாமல் தவிப்பது நாகராவுக்கும், அதாவது ஷூட்டில் பாட்டை ஓட்டும் வேலைக்கும், டேட்டாவுக்கும், அதாவது பதிந்த ஃபைல்களை நகலெடுத்துக் காக்கும் வேலைக்கும்தான். இந்த இரண்டையும் பிசகில்லாமல் செய்கிற ஆளை யாரும் விடமாட்டார்கள், எடிட்டும் தானாக அவர் கைக்கு வரும்.

நாகரா என்றால் ஸ்பீக்கரில் பாட்டைத் தட்டிவிடுகிற வேலை மட்டும் இல்லை. பாட்டின் இறுதி மிக்ஸை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக வாங்குங்கள். வாட்ஸாப்பில் வந்த எம்பி3யை வைத்து ஷூட் செய்துவிட்டு, பிறகு மிக்ஸில் இன்டர்லூட் குறைந்தால் ஆடியதெல்லாம் தாளத்தை விட்டு விலகும். பல்லவி, சரணம், இன்டர்லூட் என்று துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அந்தத் தாளத்தின் வேகத்திலேயே நான்கு ‘டிக்’ சேருங்கள். பாடகருக்கு எடுப்பு தெரியும். எடிட்டிங் டைம்லைனிலும் அந்த நான்கு டிக்கும் ஒலி அலையில் முள்ளாகப் பளிச்சென்று தெரியும்.

கேமரா மைக்கை அணைக்காதீர்கள், சிங்க் செய்ய (படத்தையும் பாட்டையும் பொருத்த) அந்த ஒலிதான் ஆதாரம். ஆனால் லாங் ஷாட்டில் அதை அப்படியே நம்பவும் கூடாது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஸ்பீக்கர் பாடகர் பக்கத்திலும் கேமரா 34 மீட்டர் தள்ளியும் இருந்தால், கேமராவில் பாட்டு 0.1 வினாடி பிந்திப் பதியும். 25 ஃபிரேமில் அது இரண்டரை ஃபிரேம். அலையோடு அலை பொருத்தினால் உதடு பாட்டுக்கு முந்திக்கொண்டு நிற்கும். அந்த ஷாட்டை மட்டும் இரண்டு மூன்று ஃபிரேம் பின்னுக்குத் தள்ளி, உதட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டைம்கோட் (படத்திலும் பாட்டிலும் பதியும் நேரக்குறி) வைத்து சிங்க் செய்கிற யூனிட் என்றால் புளூடூத் ஸ்பீக்கர் ஆகவே ஆகாது, அதன் தாமதம் இணைப்புக்கு இணைப்பு மாறக்கூடியது. ஒயர் போடுங்கள்.

ஸ்லோமோஷனில் வாயசைப்பு வேண்டுமென்றால், 25 ஃபிரேம் டைம்லைனுக்கு 50 ஃபிரேமில் எடுத்து, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டி வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். சொற்கள் நெருங்கி வரும் வரிகளை அந்த வேகத்தில் யாராலும் பாட முடியாது, நீட்டிப் பாடும் வரிகளுக்கு மட்டும் இதை வையுங்கள்.

டேட்டாவுக்கு ஒரு கணக்கு: 400 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே, நிமிடத்துக்கு 3 ஜிபி, மணிக்கு 180 ஜிபி. இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, செக்சம் (ஃபைலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். வெறும் காப்பி பேஸ்ட்டில் ஒரு ஃபைல் கெட்டுப்போயிருந்தால் எடிட்டில் உட்காரும்போதுதான் தெரியவரும்.

கேமரா இப்போது வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் 10 பிட் லாக் (பின்னால் நிறம் திருத்த இடம் தரும் பதிவு முறை) பதிகிற பழைய கேமரா பாடி ஒன்று, ஒரு 24–70 லென்ஸ், ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் போதும். கூடவே டிரை கேபினெட் ஒன்று, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள். இந்த ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

பதில் 2:

அண்ணன் சொன்னதோடு லொகேஷன் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து லென்ஸை எடுத்து வெளியே வந்தவுடன் கண்ணாடி பனிமூட்டம் போட்டுவிடும். துடைத்தாலும் திரும்ப வரும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். உச்சி வெயிலில் முகத்தில் கண்குழி கறுத்துவிடும், அந்த நேரத்தை உள்ளே எடுக்கும் ஷாட்டுகளுக்கு ஒதுக்குங்கள். சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் இறங்கும், பொன்வெயில் சட்டென்று போய்விடும். அதற்கான ஷாட்டை ஆறு மணிக்கே ஒத்திகை பார்த்து வையுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தள டியூப் லைட்டில் 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100. அங்கே 60 ஃபிரேமில் ஷட்டரை 1/120 வைத்தால் ஒளி துடிக்கும்.

அனுமதி இடத்துக்கு இடம் வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம் என்றால் நகர மன்றம். பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம். கடை, காப்பிக் கடை என்றால் உரிமையாளரின் கடிதம். எம்ஆர்டி ரயில் நிலையம் என்றால் அந்தத் தடத்தை நடத்தும் நிறுவனம். தேதி, நேரம், எத்தனை பேர், என்ன கருவி, ஒலி போடுவீர்களா என்று ஒரே பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். தேக்காவில் (லிட்டில் இந்தியா) தீபாவளி விளக்குக்குக் கீழே எடுக்க எல்லாருக்கும் ஆசை. நடைபாதையில் டிரைபாட் நட்டு வழியை மறித்தால் நிறுத்தச் சொல்வார்கள், கையில் பிடித்து எடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் புளோக் பக்கம் ஸ்பீக்கரே வேண்டாம், பாடகர் காதில் சின்ன இயர்பீஸ் போதும். பொம்மைத் துப்பாக்கி, கத்தி வருகிற காட்சியைக் காவல்துறையிடம் பேசாமல் பொது இடத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

டிரோன் 250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம். காசுக்கான ஷூட் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தனி அனுமதி வேண்டும்.

பதில் 3:

உரிமை, காசு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் தொடுவது சினிமாப் பாட்டின் கவர். அதற்கு இசை, வரிகளின் உரிமை வைத்திருக்கிற வெளியீட்டாளரிடம் அனுமதி வேண்டும். மூல ஒலிப்பதிவையே பயன்படுத்தினால் பாட்டை வெளியிட்ட லேபிளிடமும் தனியாக வேண்டும். ‘கம்பாஸ்’ என்ற இசை உரிமை அமைப்பிடம் பொது நிகழ்ச்சிக்கு வாங்கும் உரிமம், பாட்டை வீடியோவோடு சேர்க்க உரிமை தராது. யூடியூபில் கிடைத்த கரோக்கிக்கும் உரிமையாளர் உண்டு. இங்குள்ள பாடகர்களின் சொந்தப் பாட்டைப் பிடியுங்கள், இந்தத் தலைவலி பாதி குறையும்.

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, பாடகர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னாலும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வீடியோவின் உரிமை தயாரித்த தரப்புக்கே. பாட்டின் உரிமை பாட்டுக்காரருடையதாகவே இருக்கும். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் என்றால் உரிமை முதலாளிக்கு. ஆகவே வீடியோ எங்கெல்லாம் ஓடலாம், உங்கள் பெயர் எங்கே வரும், ஷோரீலில் நீங்கள் போடலாமா என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நிரந்தரவாசியாகி ஃப்ரீலான்ஸ் செய்யும் நிலை வந்தால், பாதித் தொகை கையெழுத்தின்போது, மிச்சத்தின் பெரும்பகுதி ஷூட் நாளில், கடைசிப் பங்கு வாட்டர்மார்க் இல்லாத ஃபைலுக்கு முன்னால் என்று வையுங்கள். திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் தனிக் கட்டணம். மழை வந்தால் மாற்று நாளின் செலவு யாருடையது என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், இந்த ஊரில் சண்டை அங்கேதான் வரும். முழுச் சொந்தப் பெயரில் தொழில் செய்தால் நிறுவனப் பதிவு தேவையில்லை, வேறு பெயர் வைத்தால் வேண்டும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்ட வேண்டும். காசு வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். விலைப்பட்டியல், இன்வாய்ஸ், வாட்ஸாப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.