தைபேயில் சீனம் படிக்கிறேன்: வகுப்பில் புரிகிறது, கடையில் ஒன்றும் புரியவில்லை

புதுசு_தைபே:
வந்து மூன்று மாதம் ஆகிறது. சீனம் படிக்கத் தைவான் அரசு தரும் ஹுவாயூ உதவித்தொகையில் வந்தேன், வாரத்துக்கு 15 மணி நேரம் வகுப்பு. டீச்சர் பேசுவது முக்கால்வாசி புரிகிறது, தேர்விலும் நல்ல மார்க்தான். வெளியே வந்தால் கதையே வேறு. பக்கத்துக் கடையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றால் கல்லாவில் இருக்கும் பெண் ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்கிறாள், நானும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி வைக்கிறேன், அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொள்கிறாளா இல்லை என்றா, கடவுளுக்கே வெளிச்சம். போன வாரம் கேட்காத பையைக் கொடுத்து அதற்கும் காசு எடுத்துக்கொண்டாள். அப்புறம் பழக்கடைப் பாட்டியிடம் கொய்யா விலை கேட்டு 14 டாலரை நீட்டினேன், அவர் நாலு விரலைக் காட்டி, கையால் பெரிய வட்டம் போட்டார். 40-ஆம்! மூன்று மாதத்தில் 14-க்கும் 40-க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் இங்கே என்ன படிக்கிறேன்? சாப்பாட்டுக்குக் குறையில்லை, சைவக் கடை நிறைய, தட்டை எடை போட்டு விலை சொல்கிறார்கள். பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது.

பழைய_மாணவி:
அந்த மூன்று கேள்வியும் தினமும் அதேதான், பாடப்புத்தகத்தில் இருக்காது, அவ்வளவுதான். 'தாய்ஸு' என்று காதில் விழுந்தால் பை வேணுமா. 'வெய்போ' என்றால் மைக்ரோவேவில் சூடு பண்ணட்டுமா. 'ஸாய்ஜூ' என்றால் பில்லைக் காகிதத்தில் தராமல் உங்கள் போன் பார்கோடில் ஏற்றட்டுமா என்று அர்த்தம், இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு மாதம் பிடித்தது. வேண்டாம் என்றால் 'பூ யோங்'. தலையை மட்டும் ஆட்டாதீர்கள், நம் தலையாட்டல் நம் ஊரிலேயே பலருக்குப் புரியாது.

காகித பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் லாட்டரி எண் இருக்கிறது, ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல். கடைசி மூன்று எண் பொருந்தினால் 200 டாலர். நானும் என் அறைத்தோழியும் பில்லைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருத்தி சீனத்தில் எண்ணைச் சொல்ல இன்னொருத்தி தேடுவோம். எண்கள் எனக்குப் பழகியது அப்படித்தான்.

ஈப்போக்காரன்:
நான் மலேசியாவில் சீனப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவன். தம்பி, 14/40 உங்கள் காதின் குற்றமில்லை. புத்தகப்படி பத்து என்பது 'ஷி', நாக்கை மடிக்கணும். நாலு 'ஸி', மடிக்கக்கூடாது. ஆனால் தைவானில் பலர் நாக்கை மடிப்பதே இல்லை, இரண்டும் 'ஸி' ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பது தொனி மட்டும்: பத்து மேலே ஏறும், கேள்வி கேட்பதுபோல. நாலு பட்டென்று விழும், அதட்டுவதுபோல. 14 என்பது 'பத்து-நாலு', 40 என்பது 'நாலு-பத்து'. அதனால் ஏறி விழுந்தால் 14, விழுந்து ஏறினால் 40. ழ சொல்லத் தெரிந்த நமக்கு நாக்கை மடிப்பது சுலபம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்போம், அங்கே போனால் அதற்கு வேலையே இல்லை.

நமக்கு உண்மையில் இடிக்கும் இடம் வேறு. தமிழில் மூச்சை ஊதிச் சொல்லும் எழுத்து கிடையாது. வயிறு 'தூஸு', முயலும் 'தூஸு'தான், ஆனால் முயலுக்குத் த-வை ஊதிச் சொல்லணும். ஊதாமல் "எனக்கு முயல் பிடிக்கும்" என்றால் எனக்கு வயிறு பிடிக்கும் என்று ஆகிவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள், முயலுக்குக் காற்று படணும், வயிற்றுக்குப் படக்கூடாது.

வடக்கத்தியான்:
பேசாமல் பெய்ஜிங் போயிருக்கலாம். அங்கே உச்சரிப்பு சுத்தம்.

ஈப்போக்காரன்:
சுத்தமா? பாதி வார்த்தைக்கு வாலில் ஒரு 'ர்' ஒட்டுவார்கள், டாக்சிக்காரர் பேசினால் வெறும் ர்ர்ர்தான் கேட்கும். உள்ளூர்ப் பேச்சு எந்த ஊரிலும் உண்டு.

குப்பை_நேரம்:
நான் பேச்சுப் பழகியது குப்பை வண்டியில். சிரிக்காதீர்கள். தைபேயில் குப்பையைத் தெருவில் வைக்க முடியாது, காசு கொடுத்து வாங்கிய நீலப் பையில் கட்டி, வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் நேரத்துக்கு நாமே போய்ப் போடணும், புதனும் ஞாயிறும் வராது. அதனால் தெருவே பத்து நிமிடம் முன்னால் கையில் பையோடு நிற்கும். எல்லாரும் சும்மா நிற்கிறவர்கள், யாருக்கும் அவசரமில்லை. எதிர்வீட்டு அம்மா முதல் நாள் என் பையைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டிலை வெளியே எடுத்து அரை மணி நேரப் பாடத்தை இரண்டு நிமிடத்தில் நடத்தினார், ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் அதையே சொன்னார், பாதி புரிந்தது. ஒரே ஆள் ஒரே விஷயத்தைத் தினமும் சொல்வது வகுப்பில்கூடக் கிடைக்காது.

புதுசு_தைபே:
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குப் போய் பை 'பூ யோங்', ஸாய்ஜூ 'பூ யோங்' என்று கம்பீரமாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு நாலாவதாக ஒன்று கேட்டாள்! 'தியென்' என்று ஏதோ வந்தது. அதற்கும் 'பூ யோங்' சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அது என்ன?

பழைய_மாணவி:
ஐயோ. 'ஜி தியென்', பொம்மை வாங்கப் புள்ளி சேர்க்கிறீர்களா என்று கேட்டிருப்பாள். இனிமேல் வாங்கி வையுங்கள், எனக்குத் தேவைப்படும்.