சார்லஸ் விதிச் சோதனை: கோடு −273-ஐத் தொடவில்லை

தக்கலை அருகே பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்காக, மாறா அழுத்தத்தில் வாயுவின் பருமன் கெல்வின் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் கூடுவதைக் காட்டும் சோதனையைச் செய்கிறோம். ஒரு முனை மூடிய, 1 மி.மீ. துளையுள்ள கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து, நீர்த்தொட்டியில் 30 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். 50 டிகிரியைத் தாண்டியதும் வரைபடக் கோடு மேல்நோக்கி வளைகிறது. அதைப் பின்னோக்கி நீட்டினால், பருமன் சுழியாக வேண்டிய −273 டிகிரிக்குப் (தனிச்சுழி வெப்பநிலை) பதிலாக −220-க்கு அருகிலேயே வெப்பநிலை அச்சை வெட்டுகிறது.

அடைப்பாக இருந்த நீர்த்துளியை மாற்றித் தேங்காய் எண்ணெய்த் துளியை வைத்ததும் வளைவு பெருமளவு குறைந்தது, ஆனால் முற்றிலும் மறையவில்லை. குழாயைச் சுடரில் காட்டி உலர்த்தினோம். ஒவ்வோர் அளவுக்கும் வெப்பநிலை நிலைபெறும்வரை காத்திருந்தோம். குளிரும்போதும் அளந்து பார்த்தோம். ஆனி மாதச் சாரலில் ஆய்வக அலமாரிக்குள்ளேயே ஈரம் பூத்திருப்பதால், அடைபடும் காற்றிலுள்ள நீராவியையே ஐயுறுகிறேன்.

பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, இவ்வளவு மெல்லிய குழாய்க்குள் உலர்ந்த காற்றை மட்டும் அடைப்பது எப்படி?