பர்மா சொத்து: வீட்டில் இருக்கும் பத்திரங்களைக் கழித்துப் போடாதீர்கள்

ஊர் அன்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஐயா காலத்துப் பர்மா நிலத்துக்கு இனி ஏதாவது கிடைக்குமா என்று சிங்கப்பூரிலிருந்து தம்பி கேட்டிருந்தார். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் செட்டியார்கள் பர்மிய விவசாயிகளுக்கு நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்திருந்தார்கள். 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்து கடன் வசூலாகாமல் போனதால் அந்த ஈட்டு நிலம் நம்மவர் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர், செட்டியார்கள் பேரில் இருந்தது. கடன் கொடுத்தவர்களுக்கு வேண்டியது பணம்தான், நிலம் இல்லை. ஆனாலும் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் மனக்கொதிப்பு நியாயமானது. அதையும் ஒத்துக்கொண்டுதான் நாம் பேச வேண்டும்.

1948-ல் விடுதலை வந்த கையோடு நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளும் நில தேசியமயச் சட்டமும் வந்தது. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த வருஷம் வங்கிகள் அரசு கைக்குப் போயின, 1964 மார்ச்சில் கடைகளும் போயின, மே மாதம் 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான பேர் வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

டெல்லி சும்மா இருக்கவில்லை. அந்த வருஷமே வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ரங்கூன் போனார். 1965-ல் நே வின் டெல்லி வந்தார். சட்டம் எல்லாருக்கும் பொது, இந்தியர் என்று பார்த்து எடுக்கவில்லை என்பதுதான் ரங்கூனின் பதில். இங்கேயும் ஜமீன் ஒழிப்பு நடந்து, 1956-ல் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்திருந்தது. எடுத்தது தப்பு என்று டெல்லியால் சொல்ல முடியவில்லை; தக்க இழப்பீடும் மனிதாபிமானமும்தான் கேட்க முடிந்தது. 1950-களில் பர்மா அரிசியை நாம் வாங்கிக்கொண்டிருந்தபோதே இதைக் கறாராகப் பேசி முடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்போது நம் பக்கம் பிடி இருந்தது.

அதற்காகக் கதவு அடைத்தே கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். உகாண்டாவில் 1972-ல் இடி அமீன் பறித்ததைத் திருப்பித் தர 1982-ல் சட்டம் போட்டார்கள். பின்னால் வந்த அதிபர் முசேவேனி காலத்தில் பலருக்குச் சொத்து திரும்பியது. அங்கே உரிமையைக் காட்டப் பத்திரம்தான் கைகொடுத்தது.

ஒரு அரசு இன்னொரு அரசிடம் தன் குடிமகனுக்காகத்தான் கேட்கும். பறிபோன அன்றும் சரி, கேட்கும் அன்றும் சரி, அவர் அந்நாட்டுக் குடிமகனாக இருப்பது முக்கியம். நம்மில் பலர் மலேசியா, ஆஸ்திரேலியா என்று குடியுரிமை மாறிவிட்டோம். அதனால் பங்காளிகளில் இந்தியக் குடியுரிமை உள்ளவர் பேரில் மனு போவதே நல்லது.

எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு நிலவரி ரசீது கிடக்கிறது. முன்பக்கம் வட்ட வட்டமான பர்மிய எழுத்து; பின்னால் ஐயா பென்சிலில் 'பியாப்போன், ஆற்றுக்கு வடக்கே' என்று குறித்திருக்கிறார். எந்த நிலம் என்று சொல்ல எங்களிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கும். படம் எடுத்து, விலாசம், மாவட்டம், ஏக்கர் போட்டு சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒரே பட்டியலாக டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்குக் கொடுக்கலாம். ரங்கூனில் ஆள் இருக்கிறது, கமிஷன் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் மூலப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.