கியர் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வருகிறது, கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா?

ஸ்கூகொக்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் மாதம் பழைய போட் ஒன்று வாங்கினேன், 17 அடி ஃபைபர், பின்னால் மாட்டும் 60 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சின். கோடை முழுக்க இங்கே ஒன்ராறியோவில் ஸ்கூகொக் ஏரியில் மீன் பிடிக்கவும் பிள்ளைகளை ஏற்றி ஓடவும் நல்லாத்தான் இருந்தது. இப்போது குளிர் வரப்போகிறது, மூடி வைக்க வேண்டும். நேற்று வீடியோ பார்த்து எஞ்சினின் அடியில், புரொப்பெல்லரைச் சுற்றும் கியர் பெட்டிக்குள் இருக்கும் கியர் ஒயிலை இறக்கினேன், முதலில் கொஞ்சம் தண்ணி, பிறகு பால்தேத்தண்ணி மாதிரி ஒன்று. பயந்து ஒரு கடைக்கு அழைத்துக் கேட்டால் “முழுப் பக்கேஜ்” என்று ஒரு விலை சொல்கிறார்கள், அதற்குள் என்னென்ன வேலை வரும் என்று கேட்டால் பதில் இல்லை. இதைவிட, தண்ணி மட்டத்தில் பழுப்பாக மீசை மாதிரி ஒரு கோடு, சோப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சீட்டில் கறுப்புப் பூஞ்சணம், பக்கத்து வீட்டுக்காரர் பிளீச் ஊற்றச் சொல்கிறார். எதை நானே செய்யலாம், எதைக் கடைக்குக் கொடுக்க வேண்டும்?

எண்ணெய்க்கை:
தம்பி, மீசையும் பூஞ்சணமும் இருக்கட்டும், முதலில் அந்த ஒயில். உள்ளே தண்ணி போயிருக்கிறது. அப்படியே விட்டால் குளிரில் அது உறைந்து பெருத்துக் கியர் பெட்டியையே வெடிக்க வைக்கும், பிறகு கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் போட்டையே விற்றுவிடலாம் போல இருக்கும். தண்ணி போக இரண்டு வழி அதிகம். ஒன்று, கியர் பெட்டியின் மேல் ஓட்டையையும் கீழ் ஓட்டையையும் மூடும் இரண்டு திருகாணியிலும் உள்ள சின்ன வாஷர். ஒவ்வொரு முறையும் புதிசு போட வேண்டும், சில்லறைக் காசுதான், ஆனால் பழசையே திரும்பப் போடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டாவது, புரொப்பெல்லர் தண்டைச் சுற்றித் தண்ணி போகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், அதுதான் சீல். சாவியை எடுத்துவிட்டு புரொப்பெல்லரைக் கழற்றிப் பார், தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று. நரம்பு சுற்றிச் சுற்றி உள்ளே போய் சீலை அறுத்துவிடும். அப்படி இருந்தால் காற்று அடித்துச் சோதிப்பதும் சீல் மாற்றுவதும் கடை வேலை, அதற்கு மட்டும் காசு கொடு. புது ஒயில் ஏற்றும்போது கீழ் ஓட்டையால் பம்ப் பண்ணு, மேல் ஓட்டையால் வழியும் வரைக்கும். வழிந்ததும் மேல் திருகாணியை முதலில் பூட்டு, பிறகுதான் கீழே. மேலே இருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

வடிவான_போட்:
மீசைக்கு சோப் சரிவராது, அது தண்ணியில் உள்ள இலைதழைச் சாயம், ஃபைபரின் மேல் பூச்சான ஜெல்கோட்டில் ஊறிவிடும். ஒக்சாலிக் அசிட் கலந்த ஹல் கிளீனர் கடையில் கேள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு பூசி, சில நிமிடம் விட்டு, காய முன்னமே நிறையத் தண்ணி அடித்துக் கழுவினால் துடைக்கத் தேவையே இருக்காது. அந்த இடத்தில் மெழுகும் போய்விடும், அதனால் கட்டாயம் திரும்ப மெழுகு போடு, இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதைவிட மோசமாகப் பிடிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் மெழுகை எடுக்கும், போட் சோப் வாங்கு.
பிளீச் வேண்டாம்!! வினைல் வெள்ளையாகத்தான் தெரியும், அடுத்த கோடையில் தையல் நூல் உக்கி சீட் வாயைத் திறக்கும். எனக்கு நடந்தது, நான்கு சீட். மென்மையான பிரஷும் வினைல் கிளீனரும் போதும், பிறகு மெத்தைகளைக் கழற்றி வீட்டுக்குள்ளே காய வை. ஈரத்தோடு மூடினால் மூடியும் வீண், நீ பட்ட பாடும் வீண்.

பருத்தித்துறை_கடல்:
ஊரில் அப்பா தொழிலுக்குப் போய் வந்ததும் எஞ்சினைக் கழற்றி நல்ல தண்ணி நிறைந்த பரலுக்குள் இறக்கிக் கொஞ்ச நேரம் ஓட விடுவார், எத்தனை மணிக்கு வந்தாலும். இங்கே உப்புத் தண்ணி இல்லைத்தான், ஆனால் ஸ்கூகொக் ஆழம் குறைந்த, பாசி மண்டிய ஏரி, பாசியும் சேறும் தண்ணி இழுக்கும் வாயை அடைக்கும். எஞ்சின் பின்னால் சின்னப்பிள்ளை மூத்திரம் பெய்கிறது மாதிரி ஒரு தண்ணி பாயும், அது மெலிந்தாலோ சூடாக வந்தாலோ உடனே நிற்பாட்டு. தண்ணிப் பம்புக்குள் சுற்றித் தண்ணியைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்று. பழைய போட் என்கிறாய், எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்று. தண்ணி இல்லாமல் தரையில் “சும்மா ஒருக்கா” ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது, சில விநாடி போதும்.
அனோட் துண்டுகளையும் பார், எஞ்சின் அரிக்காமல் இருக்கத் தாங்கள் கரைந்துபோகும் உலோகத் துண்டுகள் அவை. நாகம் உப்புத் தண்ணிக்குத்தான், நன்னீரில் மேலே ஒரு படை பிடித்து வேலை செய்யாமல் விட்டுவிடும். ஏரிக்கு மக்னீசியம் போடு. பாதி கரைந்திருந்தால் மாற்று, அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதே.
பெற்றோல் பழுதாகாமல் இருக்க ஸ்டெபிலைசர் மருந்து விட்டுப் பத்து நிமிடமாவது ஓட்டு, அப்போதுதான் எஞ்சின் வரைக்கும் போகும். வைக்கும்போது எஞ்சினை நிமிர்த்தி முழுக்கக் கீழே இறக்கி வை, உள்ளே உள்ள தண்ணி தானாக வடியும். சரித்து வைத்தால் நிற்கும்.

ஸ்கூகொக்_புதுசு:
எண்ணெய்க்கை அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே!! புரொப்பெல்லரைக் கழற்றினால் பின்னல் நரம்பும் சாதா நரம்புமாக ஒரு சின்ன எலுமிச்சங்காய் அளவு உருண்டை, சீலுக்குள்ளேயும் ஒரு முனை போயிருந்தது. வேறொரு கடையில் “சீலும் இம்பெல்லரும் மட்டும்” என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்று, போட்டை டிரெயிலரில் கொண்டுபோகும்போது அதன் அடியில் தண்ணி வடியும் ஓட்டையை மூடும் பிளக்கைக் கழற்ற வேண்டுமா? ஒருவர் சட்டம் என்கிறார்.

எண்ணெய்க்கை:
சட்டம்தான். 2022 ஜனவரி 1 இலிருந்து ஒன்ராறியோவில் போட்டைத் தரைவழியாகக் கொண்டுபோக முன்னம் டிரெயின் பிளக்கைக் கழற்றித் தண்ணியை விட்டு, பாசி, ஏரிக்கு ஏரி பரவும் ஸீப்ரா மட்டி எல்லாம் எடுத்திருக்க வேண்டும். வேறு ஏரிக்கு இறக்க முன்னம் 50 பாகை சுடுதண்ணியால் கழுவு, அல்லது இரண்டிலிருந்து ஏழு நாள் வெயிலில் காய விடு. டிரெயிலர் அச்சிலும் பாசி தொங்கும், அங்கேயும் பார்.

வடிவான_போட்:
கழற்றின பிளக்கை எஞ்சின் சாவியோடு கட்டி வை தம்பி. நான் ஒருமுறை கார் டாஷ்போர்ட்டில் வைத்துவிட்டு போட்டை இறக்கினேன், மாமியார் கால் நனைகிறது என்று சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.