பாப்காட்டில் மல்ச்சர் ஓட்டியவர்கள்: மூன்றாவது ஹோஸ் குறித்த அனுபவங்கள்

பரமக்குடியிலிருந்து

சீமைக்கருவேலத்தை அரைக்கும் மல்ச்சரைப் பாப்காட்டில் (முன்னால் வாளியோ வேறு கருவியோ மாட்டும் சிறிய லோடர் வண்டி) மாட்ட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அழுத்தத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது எண்ணெயின் ஓட்டத்தை. மல்ச்சரைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதுதான். அழுத்தம் தருவது முறுக்குவிசை.

எங்கள் வண்டி பழையதாக வாங்கியது; எஞ்சின் 50 குதிரைத்திறன். முன்னால் மாட்டும் கருவிக்கு எண்ணெய் தரும் துணை ஹைட்ராலிக் இணைப்பில் நிமிடத்துக்கு 70 லிட்டர், 200 பார் அழுத்தம். இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைத்துவிடும்: 23 சொச்சம். அதற்கு மேல் ஒரு பொட்டுச் சக்தியும் இந்த இணைப்பிலிருந்து வராது. 110 லிட்டர் கேட்கும் பெரிய மல்ச்சர் ஒன்று குறைந்த விலைக்கு வந்தபோது நான் அதைத் தொடாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஒரு சுற்றுக்கு 63 சி.சி. எண்ணெய் கேட்கும் பிஸ்டன் மோட்டார் பொருத்திய சிறிய மல்ச்சரை எடுத்தோம். 70 லிட்டரை 63 சி.சி.யால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 சுற்று. பெல்ட் வழியாக, மரத்தை அரைக்கும் உருளை அதைவிட வேகமாகச் சுற்றும். கட்டை விரல் பருமன் கிளையிலிருந்து கை பருமன் மரம் வரை நன்றாகத் தின்கிறது.

ஒரு பட்டறையில், அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை இறுக்கி 250 பாருக்கு ஏற்றிவிடலாம், உருளை பறக்கும் என்றார்கள். பறக்காது. அழுத்தத்தை ஏற்றினாலும் பம்ப் தள்ளும் லிட்டர் கூடுவதில்லை. பம்ப், ஹோஸ், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் விதித்த எல்லையை மீறுவதுதான் மிச்சம். அந்த வால்வைத் தொடவே விடவில்லை.

இனி மூன்றாவது ஹோஸ். மல்ச்சரிலிருந்து இரண்டு தடித்த ஹோஸ்களோடு மெல்லியதாக ஒன்று தொங்கும். கேஸ் டிரெயின் என்பது அதுதான். பழைய வண்டிகள் பலவற்றில் இதைச் சேர்க்க இடமே இருக்காது. எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்த பிஸ்டன் மோட்டாரிலும் கொஞ்சம் எண்ணெய் உள்ளுக்குள் கசியும். பேரிங்குக்கு அந்த எண்ணெய்தான் உயவு. கசிந்தது மோட்டாரின் கூட்டுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். அதற்குப் போக்கிடம் இல்லையென்றால் கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, தண்டைச் சுற்றியுள்ள சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும். 200 பாரில் ஓடும் மோட்டாராக இருந்தாலும் அந்தச் சீல் தாங்குவது பெரும்பாலும் சில பார்கள் மட்டுமே.

எண்ணெய் திரும்பிப் போகும் தடித்த ரிட்டர்ன் குழாயிலேயே T வடிவ இணைப்பு ஒன்று போட்டு இதையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. ரிட்டர்ன் பாதையில் ஃபில்டர் இருக்கிறது, எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் இருக்கிறது. காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதும் ஃபில்டர் அடைக்கத் தொடங்கும்போதும் அங்கே அழுத்தம் ஏறும். ஏறியது அப்படியே சீலின்மேல் போய் உட்காரும். டிரெயின் ஹோஸ் தனி வழியில், தடையேதுமின்றி டேங்குக்குப் போக வேண்டும்.

எங்கள் வண்டியில் டேங்க் இரும்பு. மேலே போல்ட் போட்டு நிற்கும் மூடித்தகடு ஒன்று இருந்தது. டேங்கில் வெல்டிங் வைக்காமல், தகட்டை மட்டும் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் 3/8 அங்குல மரையுள்ள புஷ்ஷைப் பற்றவைத்தோம். உட்பக்கத்தில் ஒரு குழாயை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இறங்கும்படி விட்டோம். மேலேயிருந்து கொட்டினால் எண்ணெய் நுரைக்கும். தகட்டைத் திரும்பப் பூட்டும் முன் கசடு ஒரு துளிகூட ஒட்டியிராதபடி தேய்த்து, டீசலில் கழுவி, காற்றடித்துத் துடைத்தோம். பம்பைக் கெடுக்க ஒரு மணல் அளவு இரும்புத்தூள் போதும் என்பதால் அங்கே நேரம் போவதைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் டேங்க் வண்டிகளில் இது நடக்காது. அதில் ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கும் துளையைத்தான் தேட வேண்டும்.

மாட்டும்போது டிரெயின் ஹோஸ் முதலில், கழற்றும்போது அது கடைசியில். இந்த வரிசையை ஆபரேட்டர் தம்பியிடம் தினமும் சொல்கிறேன். மறந்து இரண்டு தடித்த ஹோஸை மட்டும் மாட்டி ஓட்டினால், சீல் போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. கனமான உருளை சுழன்றுகொண்டிருக்கும்போது மல்ச்சருக்கு எண்ணெய் விடும் வால்வைச் சட்டென்று மூடினால், மோட்டாரே பம்பாக மாறி எண்ணெயை இழுக்கும். வரும் பக்கம் வெறுமையாகிக் கடகடவென்று சத்தம் கேட்கும். எஞ்சின் வேகத்தைக் குறைத்து, உருளை தணிந்த பிறகு மூட வேண்டும். இப்படி வெறுமையாகாமல் காக்கும் செக் வால்வு மல்ச்சரிலேயே இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு இன்னொரு கவலை. 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காகச் செய்த வண்டியின் வழி வந்ததுதான் பாப்காட். அள்ளிக் கொட்டும் வேலையில் எண்ணெய் விட்டு விட்டுத்தான் உழைக்கும். மல்ச்சரோ நாள் முழுக்க இடைவிடாமல் கேட்கும். சித்திரை வெயிலில், கருவேல இலைத்தூள் கூலரை மூடிவிட்டால் எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டும். நாங்கள் டீ இடைவேளைதோறும் கூலருக்குக் காற்றடிக்கிறோம். முன்பக்கம் தடித்த பாலிகார்பனேட் கதவு இல்லாமல் மல்ச்சர் ஓட்டவே கூடாது. சிதறும் கட்டை நேராக ஆபரேட்டர் முகத்துக்குத்தான் வரும்.

சீமைக்கருவேலம் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதையும் நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மல்ச்சர் தரைக்கு மேலே உள்ளதை அரைக்கும். வேரைத் தோண்டுவது வேறு வேலை.

திருப்பூரிலிருந்து

அண்ணன் எழுதியதோடு, ஹோஸ்களை வண்டியோடு பூட்டும் கப்ளரைப் பற்றிச் சேர்க்கிறேன். எங்கள் பாப்காட்டில் பாறை உடைக்கும் பிரேக்கர் மந்தமாக அடித்தது. பம்ப் போய்விட்டது என்று புதியதற்கு விலைகூடப் பேசியாகிவிட்டது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் வந்து, பம்பைத் தொடாமல், வெப்பமானித் துப்பாக்கியால் ஹோஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டே போனார். ரிட்டர்ன் கப்ளர் மட்டும் பக்கத்து ஹோஸைவிட மிகவும் சூடாக இருந்தது. பூட்டு வளையம் முழுதாக உட்காரவில்லை; உள்ளே வால்வு பாதிதான் திறந்திருந்தது. சரியாகப் பூட்டியதும் பழைய அடி திரும்பிவிட்டது.

வெயிலில் கிடந்த பிரேக்கரை மாட்டும்போது கப்ளர் உள்ளே போகாது. ஹோஸில் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து அழுத்தம் ஏறியிருக்கும். சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். தட்டையான அந்த முகத்தில் ஒரு வடு விழுந்தால் பிறகு கசிவு நிற்காது. எஞ்சினை அணைத்து, சாவியைத் திறந்து வைத்து, துணை ஹைட்ராலிக் பொத்தானை இரு பக்கமும் அழுத்தி வண்டிப் பக்க அழுத்தத்தை இறக்குங்கள். பிரேக்கரை நிழலில் போடுங்கள். கழற்றி வைக்கும்போதே அழுத்தத்தை இறக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தோகாவிலிருந்து

இங்கே பாப்காட் ஆபரேட்டராக இருக்கிறேன். புதிதாக ஹோஸ் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். உடன் வேலை பார்த்தவர், ஹோஸ் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்த்தார். ஊசித்துளை போன்ற கசிவு. விரலில் எறும்பு கடித்தது போல ஒரு புள்ளி; வலிகூட இல்லை. அவர் வேலையைத் தொடரப் போனார். எங்கள் ஃபோர்மேன் விடவில்லை, கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அன்றே அறுவை செய்து விரலைத் திறந்து எண்ணெயைக் கழுவி எடுத்தார்கள். தோலுக்குள் புகுந்த எண்ணெய் உள்ளே பரவித் தசையை அழுகவைக்கும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரும் என்று மருத்துவர் சொன்னார்.

கசிவைத் தேட ஒரு நீளமான அட்டைத் துண்டு போதும். கையுறை காப்பாற்றாது. மருத்துவமனையில் "அடிபட்டது" என்று சொல்லாதீர்கள். அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெளியே தெரியும் காயம் சின்னது என்பதால் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

மீண்டும் பரமக்குடியிலிருந்து

தோகா நண்பர் எழுதியதைப் படித்ததும் ஆபரேட்டர் இருக்கைக்குப் பக்கத்தில் போகும் ஹோஸ்களுக்கு உறை போட ஏற்பாடு செய்துவிட்டேன்.

பழைய மல்ச்சர் வாங்கும்போது மோட்டார் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது எனத் தனியாகக் கேட்டவருக்கு: எஞ்சின் நின்றிருக்கும்போது டிரெயின் ஹோஸின் டேங்க் முனையைக் கழற்றி, அளவு குறித்த ஒரு கேனுக்குள் திருப்பிக் கட்டிவிடுங்கள், டேங்க் பக்கத் துளையை மூடிவிடுங்கள். எண்ணெய் சூடேறிய நிலையில், சுமை கொடுத்து ஒரு நிமிடம் ஓட்டி எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். எந்த மோட்டாருக்கு எவ்வளவு கசியலாம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அந்த அளவைத் தாண்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கேனில் சேர்ந்த எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றாமல் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். பித்தளை நிறத்தில் தூள் மின்னினால் உள்ளே பாகங்கள் தேயத் தொடங்கிவிட்டன.